இரண்டு ஓ

நியூலின் துறைமுகத்துக்கு மேலே ஏறுகிற சந்தில்
தம்சின் ட்ரெலோரின் பட்டறை.
கல்லில் எழுத்து வெட்டுகிறாள்.
எழுத்துக்கு ஐந்து பவுண்ட்.
பிழைக்கு விலை எழுதவில்லை.

சிலேட் என்றால் நமக்கு
எச்சில் தொட்டு அழிப்பது.
அவளுடையதும் சிலேட்தான்,
டெலபோல் குவாரியின் நீலச் சாம்பல்.
அதில் ஒருமுறை உளி இறங்கினால்
கடலே ஏறி வந்து நக்கினாலும்
முன்னூறு வருஷம் ஆகும்.

ஆகவே வெட்டும் முன் படிக்கிறாள்,
கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்கு,
அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி.

பின்சுவரில் சாய்ந்து நிற்கின்றன
பழைய முதலாளி தோற்ற கற்கள்.
ஒரு கல்லூரி
தன் பிரின்சிபலுக்குக் கேட்ட நினைவுப் பலகை:
கடைசி எழுத்துகள் இரண்டு இடறியதில்
முதல்வர் கொள்கையாகிவிட்டார்.
எங்கள் அன்புக்குரிய கொள்கை,
பிறப்பு 1931, இறப்பு 2004.
இன்னொன்றில் ஒரே எழுத்து.
பலிபீடத்தின் முன் மணந்த ஜோடி
மாற்றத்தின் முன் மணந்திருக்கிறது.
அதில் தவறென்ன என்றாராம் பாதிரியார்.
ஆனாலும் காசு தரவில்லை.

செவ்வாய்க்கிழமை, மழைக்கோட்டு சொட்டச் சொட்ட
லொவ்டே பாஸ்கோ வந்தாள்.
நாலாய் மடித்த காகிதம்:
டென்சில், நான் உன்னை லூஸ் பண்ண மாட்டேன்.

தமிழில் எழுதினால் தெரியாது.
நமக்கு இரண்டும் லூஸ்தான்,
மூன்றாவதாக ஒரு லூசும் உண்டு,
அது தெருவில் திட்டுவதற்கு.
அவர்களுக்கு
ஒரு ஓ என்றால் இழப்பது,
முடிவில் பல்லிடுக்கில் வண்டு ரீங்கரிக்கும்.
இரண்டு ஓ என்றால் அவிழ்ப்பது, தளர விடுவது,
முடிவில் பாம்பு சீறும்.

காகிதத்தில் இரண்டு ஓ.

தம்சின் இதைச் சொல்லிப் பழகியவள்.
பென்சிலைத் தொடாமல் மெதுவாக,
"இங்கே ஒரு ஓ கூடுதல்.
உங்களுக்கு ஐந்து பவுண்ட் மிச்சம்."

"தெரியும்" என்றாள் லொவ்டே.
"இருபத்தாறு வருஷம்
பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள் நான்.

"அவர் துறையில் கயிறு பிடிக்கிற ஆள்.
வருகிற படகைத் தூணில் மாட்டுவார்,
போகிற படகை அவிழ்த்துவிடுவார்.
கைக்குத் தெரிந்த சொல் அது ஒன்றுதான்.
பிறந்தநாள் அட்டையில்,
ஃப்ரிட்ஜ் கதவுச் சீட்டில்,
பேச்சு போனபின் ஆஸ்பத்திரிப் பலகையில்,
எங்கும் இரண்டு ஓ.
சிவப்புப் பேனாவால் ஒன்றை அடிப்பேன்.
அடுத்த வருஷம் திரும்ப முளைத்திருக்கும்."

கொஞ்ச நேரம் கூரையில் மழை.

"இழக்க மாட்டேன் என்று நீ வெட்டினால் பொய்.
இழந்துவிட்டேன்,
மார்ச் ஒன்பது, விடிகாலை நாலே கால்.
அவிழ்க்காமல் இருப்பதுதான்
இனி என் கையில் இருக்கிறது."

ஓவைப் போலக் கஷ்டமான எழுத்தில்லை.
நேர்கோடு கல்லின் சொல் கேட்கும்,
வளைவு கேட்காது.
இரண்டையும் ஒட்டி வெட்ட
ஒன்றரை நாள் ஆனது தம்சினுக்கு.

இப்போது ஆகஸ்டில் வருகிற விடுமுறைக்காரர்கள்
அந்தக் கல் முன்னால் நின்று
போனில் படம் பிடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள்.
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்
பட்டறைக்கே கடிதம் எழுதினார், மூன்று பக்கம்.
ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில்
மடித்து வைத்திருக்கிறாள்.
சரியாகப் பொருந்தியது.

நேற்று ஒரு உணவகம்
வாசலுக்குப் பலகை கேட்டிருந்தது.
வீட்டுச் செய்முறை டெசர்ட் என்று எழுத வேண்டியதில்
ஒரு எஸ் குறைந்து
வீட்டுச் செய்முறைப் பாலைவனங்கள்.

முன்பென்றால் கேட்காமலே சேர்த்திருப்பாள்.
போன் செய்தாள்.
"இதை எழுதியது யார்?"
"என் மகன். அவசரத்தில். ஏன்?"

"சும்மாதான்" என்று வைத்துவிட்டு
எஸ்ஸைச் சேர்த்தாள்.